கல்கத்தாவுக்கு நாலு கார்டு

ஒரு சத்தத்தின் விலை முந்நூற்று நாற்பது ரூபாய். தபால் செலவும் வி.பி. கமிஷனும் தனி. அந்தத் தொகையை ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீஸின் கம்பிச் சன்னலுக்கு வெளியே நின்று இரண்டாம் தடவையாக எண்ணிக்கொண்டிருந்தார் ஐயாதுரை. உள்ளே குமாஸ்தா நம்பி பார்சலைத் தன் பக்கமே வைத்திருந்தார். துணியில் தைத்து அரக்கு முத்திரை குத்திய, சோப்புப் பெட்டி அளவுப் பொட்டலம்.

"கமிஷன்ல ஏதாச்சும் பாத்துப் போடக்கூடாதா?" என்றார் ஐயாதுரை.

"அண்ணாச்சி, இது சர்க்கார் ஆபீஸு. உங்க சாக்குக் கடை இல்ல."

"கேட்டுப் பாத்தேன்."

"இருவது வருசமா கேட்டுப் பாக்கிறீங்க." நம்பி ரூபாயை வாங்கி மேசை டிராயரில் போட்டார். பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தார். "கனமே இல்ல. உள்ள என்ன?"

"காந்தம்."

"காந்தத்துக்கா இம்புட்டு?" என்றவர், ஐயாதுரையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "தம்பி எப்படி இருக்காரு?"

"இருக்கான்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் ஐயாதுரை.

தம்பி பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களிலும் கிட்டார் வாசிப்பான். வாசித்த பன்னிரண்டு வருசமும் அடுத்தவன் கிட்டார். கச்சேரி முடிந்ததும் அதைத் துடைத்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு சைக்கிளில் வீடு வந்து சேருவான். போன வருசம், எண்பத்தேழில், சொந்தமாக ஒன்று செய்வதென்று இறங்கினான். கடையில் கேட்ட விலை அவனுடைய எட்டு மாசச் சம்பளம். உதிரியாக வரவழைத்தால் பாதிக்குள் முடியும்.

சோழபுரத்தில் ஒரு வாகைப் பலகை வாங்கி அறுத்து உடம்பு செய்தான். லாரிப் பட்டறையில் கொடுத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்தான். கழுத்து மெட்ராசிலிருந்து வந்தது. கம்பி முறுக்குகிற சாவிகள் பம்பாயிலிருந்து வந்தன. கம்பிகளைத் தாங்கும் பாலத்தை மில் லேத்தில் அவனே கடைந்துகொண்டான். பாக்கி இருந்தது பிக்கப். கம்பி அதிர்வதைக் காந்தத்தால் பிடித்து, மின்சாரமாக்கி, ஒலிபெருக்கிக்கு அனுப்புகிற சாமான் அது. அது இல்லாதவரை மற்றதெல்லாம் பெயின்ட் அடித்த பலகைதான்.

அந்தச் சமயம் பார்த்து அவன் இருதயத்தில் ஒரு வால்வு கெட்டிருப்பது தெரிந்தது. மதுரையில் டாக்டர் ஐயாதுரையைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மாசம் தாங்கலாம் என்றார். பொன்னுராஜ் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றுதான் சொன்னான்.

"அண்ணே, அந்தக் கல்கத்தா ஐட்டத்த மட்டும் வரவழச்சுக் குடுத்திருங்க. ஒரு தடவ கேட்டுட்டாப் போதும்."

கல்கத்தா ஐயாதுரைக்குப் புதிதல்ல. அவர் விற்கிற கோணி அங்கிருந்துதான் வந்தது. கல்கத்தாக்காரன் சொன்ன விலைக்கு வாங்குகிறவன் சாக்குக் கடையில் உட்கார லாயக்கில்லை என்று பதினாறு வயதில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கிட்டார்க் கடைக்காரன் முந்நூற்று எண்பது என்று எழுதினான். இவர் இருநூற்று எண்பது என்று கார்டு போட்டார். கார்டு போக ஆறு நாள், பதில் வர ஆறு நாள். தங்கள் மேலான கடிதம் கிடைத்தது, முந்நூற்று எழுபதுக்குக் கீழே கட்டாது என்று இங்கிலீஷில் பதில் வந்தது. இவர் விடவில்லை. மூன்றாவது கார்டில், என் தம்பிக்குச் சுகமில்லை, அதையும் மனதில் கொள்ளவும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரிக்கு மட்டும் இருபது ரூபாய் இறங்கியது. நாலாவது கார்டில் பேரம் படிந்தது.

டாக்டர் சொன்ன மாசத்தையும் அவர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். எவனும் கடைசி விலையை முதலில் சொல்லமாட்டான். ஒரு மாசம் என்று ஆரம்பித்தால் ஆறில் வந்து நிற்கும். ஒரு மாசம் கழிந்து இரண்டாவதும் போனபோது, தன் கணக்குத்தான் சரி என்று உள்ளூரத் தெம்பாகக்கூட இருந்தார்.

இன்று காலை பக்கத்துக் கடைக்கு போன் வந்தது. தம்பி மனைவி ஞானபாக்கியம். "அத்தான், விடிஞ்சதுல இருந்து மூச்சு ஒரு மாதிரியா இருக்கு. வாங்க." போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பார்சல் வந்திருக்கிறது என்று தபால்காரர் சீட்டு நீட்டினார். தபாலாபீஸ் சன்னல் திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவர் காத்திருந்து வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

பொன்னுராஜ் கட்டிலில் மூன்று தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டியது. கால் இரண்டும் வீங்கி மினுமினுவென்று இருந்தன. பக்கத்துப் பெஞ்சில் சிவப்புக் கிட்டார் மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில் மூன்று காலிப் பள்ளங்கள்.

"வந்திருச்சுல்லா?" என்றான். அண்ணனைப் பார்க்கவில்லை. பொட்டலத்தைப் பார்த்தான்.

ஞானபாக்கியம் அரிவாள்மனையில் தையலை அறுத்தாள். "கல்கத்தாவுல இருந்து வர இம்புட்டு நாளா ஆகும் அத்தான்?"

"தூரம்லா," என்றார் ஐயாதுரை.

உள்ளே பஞ்சு வைத்து மூன்று பிக்கப்புகள். விரல் நீளம், கறுப்பு மூடி, ஒவ்வொன்றிலும் ஆறு பொட்டு இரும்பு. பொன்னுராஜ் ஒன்றை எடுத்துத் திருப்பி, அடியில் சுற்றியிருந்த மயிரிழைக் கம்பியை வெளிச்சத்தில் பார்த்தான். முகத்தில் ரத்தம் ஓடின மாதிரி இருந்தது.

"சோல்டரிங் எங்க? சொருகுங்கண்ணே. நான் சொல்லச் சொல்ல நீங்க வைங்க. மூணு வயருதான்."

"கரண்டு இல்லியே," என்றாள் ஞானபாக்கியம். "லயன்ல வேல நடக்கு. நாலு மணிக்குத்தான் வரும்னு சொல்லிட்டுப் போனாவ."

சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே கால். இருந்தாலும் ஐயாதுரை, ஈயத்தை உருக்கி வயரை ஒட்டுகிற அந்தச் சோல்டரிங் இரும்பைப் பிளக்கில் சொருகி, சுவிட்சைப் போட்டு, மரக்கட்டையின் மேல் வைத்தார். கரண்ட் வந்தவுடன் சூடேறட்டும்.

ஞானபாக்கியம் கஞ்சி வைக்க உள்ளே போனாள். பொன்னுராஜ் கண்ணை மூடியபடி கேட்டான்.

"எம்புட்டுக்கு முடிச்சிய?"

"முந்நூத்தி நாப்பது."

"அவன் சொன்னது?"

ஐயாதுரை பெஞ்சிலிருந்த கிட்டாரின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "முந்நூத்தி எம்பது."

"எத்தன கடுதாசி?"

"நாலு."

"பதினஞ்சு பைசாக் கார்டா?"

"ஆமா."

பொன்னுராஜின் உதட்டோரம் இழுபட்டது. "அப்ப அறுவது பைசாவக் கழிங்க. முப்பத்தொம்போது ரூவா நாப்பது பைசா." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டான். "நல்லாத்தான் கொறச்சிருக்கிய."

ஐயாதுரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருசமாக எதிராளியின் முகத்தைப் பார்த்தே விலை சொல்கிறவர். தம்பி சொன்னது சிரிப்பா, வேறா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

இரண்டு மணிவாக்கில் பொன்னுராஜ் ஸ்குரூ டிரைவர் கேட்டான். பிக்கப்பை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, டிரைவரின் நுனியை மெல்ல அதன் பக்கம் கொண்டுபோனான். ஒரு விரற்கடை இருக்கும்போதே நுனி எட்டிப் பாய்ந்து ஒட்டியது. பிய்த்து எடுத்தான். திரும்பக் கொண்டுபோனான்.

"பாத்தியளா, எப்பிடி இழுக்கு. நல்ல சரக்கு."

"கல்கத்தாச் சரக்குலா," என்றார் ஐயாதுரை.

"நீங்க செத்த சாயுங்க. நாலு மணிக்கு எழுப்புதேன்."

ஐயாதுரை பெஞ்சின் மிச்ச இடத்தில் சாய்ந்தார். தூங்கியிருக்கமாட்டார். கண் அசந்திருக்கும். டிரைவர் ஒட்டுகிற சின்னச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை என்பது அவருக்கு உறைத்தபோது, கஞ்சித் தம்ளரோடு ஞானபாக்கியம் கட்டிலருகே நின்றிருந்தாள். தம்ளரைத் தரையில் வைத்தாள். அவன் விரல்களைப் பிரித்துப் பிக்கப்பை எடுத்தாள். டிரைவர் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"அத்தான்," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

நாலு பத்துக்குக் கரண்ட் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் அதற்குள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி சுற்ற ஆரம்பித்து, அவன் மேல் போர்த்தியிருந்த வேட்டியின் ஓரத்தைத் தூக்கியது. கொஞ்ச நேரத்தில் ஏதோ கருகுகிற வாடை. எங்கே எங்கே என்று ஆளாளுக்கு அடுப்பங்கரைக்கு எட்டிப் பார்த்தார்கள். ஐயாதுரை எழுந்துபோய், மரக்கட்டையைக் கருக்கிக்கொண்டிருந்த சோல்டரிங் இரும்பின் பிளக்கைப் பிடுங்கினார்.

சவப்பெட்டி சொல்ல அவரே போனார். பெட்டி செய்கிற சந்தனத்தின் கடை சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. ஐயாதுரை வருவதைப் பார்த்ததும் சந்தனம் துண்டை உதறித் தோளில் போட்டுத் தயாரானார். இந்த ஆளிடம் நூறு ரூபாய் ஏற்றிச் சொன்னால்தான் நியாய விலைக்கு வந்து நிற்க முடியும் என்பது ஊரறிந்தது.

"அறுநூறு ஆகும் அண்ணாச்சி. உள்ள துணி, கைப்பிடி எல்லாம் சேத்து."

"சரி."

சந்தனம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"அண்ணாச்சி, நான் அறுநூறுன்னு சொன்னேன்."

"கேட்டுச்சு." ஆறு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

சந்தனத்துக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு நோட்டைத் தனியாக எடுத்து ஐயாதுரை பக்கம் தள்ளினார். "ஐநூறு போதும்."

"அறுநூறுன்னீரே."

"அது சும்மா சொல்றது அண்ணாச்சி. நீங்க கொறப்பியன்னு சொன்னது."

"நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள வேணும்," என்று சொல்லிவிட்டு ஐயாதுரை படியிறங்கினார். அந்த நோட்டு மேசையின் நடுவிலேயே கிடந்தது. கடை மூடுகிறவரை சந்தனம் அதைத் தொடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு எடுத்தார்கள். மில் ஆட்கள் முதல் ஷிப்ட் முடித்து பஞ்சுத் தூசி தலையோடு வந்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் ஜெபத்தை நீட்டினார். திரும்பி வந்து கால் கழுவி உட்கார்ந்தபோது, வீட்டில் பழைய நாற்காலிகள்கூட அகலமாகத் தெரிந்தன. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்ப, பொன்னுராஜோடு மில்லில் வேலை பார்த்த ரத்தினம் மட்டும் வாசல்படியில் நின்றான்.

"அண்ணாச்சி, ஒரு மணி நேர வேல. கிட்டார எங்கிட்டக் குடுங்க, முடிச்சுக் கொண்டாறேன். அப்பிடியே கெடக்க வேண்டாம்."

ஐயாதுரை ஞானபாக்கியத்தைப் பார்த்தார்.

"எடுத்துட்டுப் போகட்டும்," என்றாள் அவள். "எண்ணிக் குடுங்க அத்தான். எண்ணாம ஒரு ஆணியக்கூட அவிய வெளிய விடமாட்டாவ."

அலமாரியிலிருந்து மில் லாக் புத்தகத்தில் கிழித்த ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னுராஜின் பொடி எழுத்து. சாமான், எண்ணிக்கை, வந்த தேதி என்று மூன்று கட்டம். வந்து சேர்ந்ததற்கெல்லாம் அவனே டிக் போட்டிருந்தான். கடைசி வரி மட்டும் பாக்கி.

ஐயாதுரை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். கடையில் லாரி வந்து நின்றால் கோணிக் கட்டை வாசிக்கிற அதே குரல்.

"உடம்பு ஒண்ணு."

"இருக்கு."

"கழுத்து ஒண்ணு. சாவி ஆறு."

அவள் தரையில் விரித்த துண்டின் மேல் கிட்டாரைக் கிடத்தி ஒவ்வொன்றாகத் தொட்டாள். "ஆறு."

"பாலம் ஒண்ணு. வால்யூமுக்கும் டோனுக்கும் குமிழ் மூணு. சுவிட்சு ஒண்ணு. ஜாக்கு ஒண்ணு. கம்பி ஆறு."

"இருக்கு அத்தான்."

"திருகாணி இருபத்திரெண்டு."

அவள் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, சுட்டுவிரலால் ஒவ்வொன்றாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினாள். நேரமெடுத்தது. ரத்தினம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "இருபத்திரெண்டு."

"பிக்கப்பு மூணு."

பஞ்சில் இரண்டுதான் இருந்தன. ஞானபாக்கியம் முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்றாவதை எடுத்து வைத்தாள். வைத்த பிறகும் கை சற்று நேரம் அதன் மேலேயே இருந்தது.

ஐயாதுரை அந்த வரிக்கு டிக் போட்டார். மேலிருந்து கீழ்வரை உதட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்து, அடியில் ஒரு கோடு இழுத்து, சரக்கு வந்து இறங்கும்போதெல்லாம் எழுதுகிறபடி எழுதினார்: உருப்படி நாற்பத்தைந்து. குறைவு இல்லை.