கின்செல்லா ஆலை வரைக்கும்

சனிக்கிழமை சந்தையில் என் ஆப்பிள் கடைக்குக் கூட்டம் சேரும் நேரம் பார்த்துத்தான் சம்பந்தியம்மாவுக்கு நடக்கத் தோன்றியது. என் மகள் ஊனாவைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் அம்மா அவர். பெயர் ஹெட்விக். ஜெர்மனியிலிருந்து முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தார். எங்கள் ஊரின் ஏழு வளைவுப் பாலத்தையும் பழைய கிறிஸ்தவ மடத்தையும் பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று என் முன்னால் வந்து நின்றார். அறுபத்தெட்டு வயது, கறுப்பு மழைக்கோட்டு, கொஞ்சம்போல இங்கிலீஷ்.

பேரோ ஆற்றைக் கை காட்டினேன். அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப் போன கரைப்பாதையிலேயே கீழ்நோக்கி நடக்கச் சொன்னேன். கின்செல்லா ஆலை வந்ததும் பக்கத்துச் சந்தில் ஏறினால் ரோடு. ஒரு மணிக்குக் காரோடு அங்கே நிற்பதாகச் சொன்னேன். போனைக் கடையிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, உற்சாகமாகக் கிளம்பிப் போனார்.

ஒரு மணிக்கு ரோட்டில் ஆளில்லை. ஒன்றரைக்கும் இல்லை. திரும்பி வந்துவிட்டாரோ என்று சந்தைக்கு ஓடினேன். என் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த பாலாடைக்கட்டிக்காரி ப்ரீடா, அவரை எதுவரை போகச் சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அந்த ஆலை எரிஞ்சு முப்பது வருஷமாச்சே, ஃபின்டன். இப்ப அங்க செந்தட்டிப் புதர்தானே இருக்கு? நீயெல்லாம் ஊரைச் சுத்திக் காட்டக் கிளம்பிட்டே."

எங்கள் ஊரில் யார் வழி சொன்னாலும் இப்படித்தான். மூடிப்போன கடையில் திரும்பச் சொல்வோம், இடித்த பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீடு என்போம். எங்களுக்குள் அது செல்லும். ஹெட்விக்குக்கு எப்படிச் செல்லும்? இல்லாத ஆலையைத் தேடிக்கொண்டு நேரே போனால் அடுத்தது தடுப்பணை. ஒரு வார மழையில் அங்கே பாதை ஆற்றோடு ஆறாகக் கிடந்தது.

ஓடினேன். தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தவர், கறுப்புக் கோட்டு அம்மாள் போய் ரொம்ப நேரமாகிறது என்றார். புதரருகே யாருமில்லை. தடுப்பணையில் மண்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. பேர் சொல்லிக் கத்தினேன். தண்ணீர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஊனா போன் செய்தாள். எடுக்கப் பயமாக இருந்தது, எடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரே வீடு மாஸி கின்செல்லாவுடையது. அந்த ஆலைக்காரர் வெள்ளிக்கிழமை இறந்துபோயிருந்தார். சந்தை முடிந்து சாயங்காலம் துக்கம் கேட்கப் போகலாம் என்றிருந்தேன். அவர் மகன்களிடம் படகு உண்டு என்பது ஞாபகம் வர, மேட்டில் ஏறி ஓடினேன்.

வாசல் வரை வரிசை நின்றது. சாவு வீட்டில் வரிசையைத் தாண்டி உள்ளே நுழைய எங்கள் ஊரில் எவனுக்கும் தைரியம் வராது, தன் வீடே பற்றி எரிந்தாலும். சேற்றுக்காலோடு நின்றேன். கண்ணாடிப் பெட்டியெல்லாம் கிடையாது; மாஸி நல்ல கோட்டுப் போட்டு மரப்பெட்டியில் படுத்திருந்தார். சுவரோரம் நாற்காலிகளில் குடும்பத்தார். ஒவ்வொருவர் கையையும் பிடித்து வருத்தம் சொல்லியாக வேண்டும். மூத்த மகன் காதில் படகு என்று ஆரம்பித்தேன். டீ குடிக்காமல் போகக்கூடாது என்றான். பின்னால் இருந்தவர் தள்ள, அடுத்த கைக்கு நகர்ந்தேன். மகள், மருமகன், விதவை நோனியக்கா. கடைசி நாற்காலியில் நீண்டிருந்த கையையும், முகம் பார்க்காமலே பிடித்து, ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்றேன்.

"நன்றி" என்று ஜெர்மன் வாடையில் பதில் வந்தது.

ஹெட்விக். மடியில் டீக்கோப்பை, தட்டில் பாதி தின்ற ஹாம் சாண்ட்விச்.

அவர் நாற்காலி முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, ஓவென்று அழுதேன். அத்தனை நிம்மதி. வீடே திரும்பி என்னைப் பார்த்தது.

சம்பந்தியம்மா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஆலையைக் காணோம். கின்செல்லா எங்கேன்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன். கையைப் பிடிச்சு இங்க கூட்டிட்டு வந்து உட்கார வெச்சுட்டார். எல்லாரும் வந்து கை கொடுத்துக்கிட்டே இருக்காங்க. நடுவுல எப்படி எழுந்து போறது?"

நோனியக்காவின் கை என் தலைமேல் விழுந்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு நாள்ல அவருக்காக யாரும் இப்படி அழலை, ஃபின்டன். பெத்த பிள்ளைங்ககூட அழலை. உனக்கு அவர்மேல இவ்வளவு பாசம்னு தெரியாமலே போய்ட்டாரே."

மாஸியிடம் நான் கடைசியாகப் பேசியது போன வருஷம். அதுவும் வேலி விஷயமாகப் போட்ட சண்டை. வாயைத் திறந்தேன். நோனியக்காவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"திங்கக்கிழமை பெட்டியைத் தூக்க ஒரு தோள் குறையுது. நீ வரணும்."

"வரேன், அக்கா" என்றேன். சம்பந்தியம்மாவின் கையை இன்னும் நான் விட்டிருக்கவில்லை.