ஏழாம் அத்தியாயம்: கப்பல் எப்படிப் பறந்தது

மதுக்கரையில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில் படப்பிடிப்புக்காக நிறுத்தியிருந்த விண்கலம், ஒரு வியாழக்கிழமை காலை, கிரேன் வருவதற்கு முன்பே தானாக எழும்பி இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. அன்று உழவர் சந்தையில் சின்ன வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய். பஸ் நீளத்துக்கு பிளைவுட்டும் ஃபைபரும் வைத்துச் செய்த கலம் அது. படக்குழுவினர் அண்ணாந்து பார்த்தார்கள், கிரேனைத் திருப்பி அனுப்பினார்கள், இட்லி சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

மனோஜ்குமாருக்கு மட்டும்தான் இட்லி இறங்கவில்லை. இந்தப் பெரிய படம் உருவான விதத்தைப் புத்தகமாக எழுதுவதற்கென்றே பீளமேட்டில் பார்த்துக்கொண்டிருந்த விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு வந்தவர் அவர். எதையும் பொறுமையாக விளக்குவதில் தனக்கு இணையில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். வேற்றுக்கிரகத்து மண் என்பது சுண்ணாம்புத் தூளில் செங்கல் பொடி கலந்தது என்று சொல்ல ஒன்பது பக்கம். படத்தில் வரும் பூச்சி மனிதர்களின் தோல் டிராக்டர் டியூப் என்று சொல்லப் பதினான்கு பக்கம், வரைபடங்களோடு. ஏழாம் அத்தியாயத்துக்கும் கிரேன், கம்பி, கம்பியைக் கம்ப்யூட்டரில் அழிக்கும் முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். இப்போது அழிப்பதற்குக் கம்பியே இல்லை. தயாரிப்பாளர் வம்சி கறாராகச் சொல்லிவிட்டார்: "அந்த அத்தியாயம் இல்லாம புத்தகம் இல்லீங்க சார். படம் வர்றதுக்குள்ள குடுங்க. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுதான் காரணம் என்று எழுதினார். காற்று அடங்கிய நாளிலும் கலம் நின்றது. காந்தம் என்று எழுதினார். ஏணியில் ஏறித் திசைகாட்டியை நீட்டினார், முள் வடக்கை விட்டு அசையவில்லை. படப்பிடிப்பு முடிந்தது, ஒரு மழைக்காலமும் போனது. "மிக்ஸி ஓடலீங்கன்னா கரண்ட் கண்டுபுடிச்ச கதையிலிருந்து ஆரம்பிப்பீங்க," என்றாள் மனைவி நந்திதா. "இந்தக் கப்பலப் பத்திக் கேட்டா மட்டும் வாயே தொறக்கறதில்லை. வீடு எத்தனை நிம்மதியா இருக்குது தெரியுமுங்களா?"

கடைசியில் பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போனார். கலத்தின் பின்பக்க இயந்திரத்தைச் செய்து கொடுத்தது அங்கப்பனின் பம்புசெட் பட்டறை. சினிமாக்காரர்கள் கேட்டது பார்வைக்கு ஒரு கூடு மட்டும்தான்.

"உள்ள ஒண்ணும் வேண்டாம்னுதான் சொன்னாங்க," என்றார் அங்கப்பன். "வெறும் கூட்டை எப்படிங்க வெளிய அனுப்பறது? நாளைக்கு யாராச்சும் கழட்டிப் பாத்தா மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது? ரோட்டர் போட்டு, காயில் சுத்தி, ஓட்டிப் பாத்துத்தான் அனுப்பிப்போட்டேன். தப்பாப் போச்சுங்களா?"

"அதுக்குக் கரண்டே குடுக்கலையேங்க."

"அது எனக்குத் தெரியாதுங்க. பம்புன்னா எதையாச்சும் தூக்கோணுமுங்கல்ல? அங்க தண்ணி இல்லை. கப்பலத் தூக்கிப்போட்டுது."

மனோஜ்குமார் விடவில்லை. சாக்பீஸ் வாங்கிப் பட்டறைத் தரையில் படம் போட்டார். காயில் ஏன் சுற்றுகிறார்கள், ரோட்டர் ஏன் சுழல்கிறது, மோட்டார் தண்ணீரைத் தூக்குமே தவிர ஏன் தன்னைத்தானே தூக்கிக்கொள்ள முடியாது என்று நாற்பது நிமிடம் விளக்கினார். அங்கப்பன் டீ வரவழைத்துக் கொடுத்து முழுக்கக் கேட்டார். "நீங்க சொல்றது அத்தனையும் நெசந்தானுங்க," என்றார் கடைசியில். "ஆனா நிக்குதுங்களே."

திரும்பும் வழியில் துடியலூர் நெரிசலில் பஸ் நின்றபோது, மனோஜ்குமார் மடியிலேயே தாளை வைத்து ஏழாம் அத்தியாயத்தை எழுதினார்: 'பம்பு எதையாவது தூக்க வேண்டும், தண்ணீர் கிடைக்காததால் கப்பலைத் தூக்கியது.' இரண்டாவது வரி அவருக்கு வரவில்லை. வம்சி அதைப் படித்துவிட்டு, "போதுமுங்க சார். மத்ததையும் இப்படி எழுதியிருந்தா பேப்பராச்சும் மிச்சமாயிருக்கும்," என்று அச்சுக்கு அனுப்பினார்.

புத்தக வெளியீட்டை மதுக்கரைக் குழியிலேயே வைத்தார்கள். பந்தல் போடவில்லை, கலத்தின் நிழல் ஐம்பது நாற்காலிக்குத் தாராளமாகப் போதும். கேள்வி கேட்கலாம் என்றதும் மனோஜ்குமார் எழுந்து மைக்கைப் பிடித்தார். ஏழாம் அத்தியாயத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தார். முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, தலைக்கு மேலே விரலை நீட்டி, "ஏனுங்க, இத்தனை பெருசுக்கு எத்தனை கோட்டிங் பெயின்ட் அடிச்சீங்க?" என்று கேட்டார்.

மனோஜ்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் பூசும் பிரைமரிலிருந்து ஆரம்பித்தார். மூன்றாவது கோட்டிங்குக்கு வருவதற்குள் சூரியன் நகர்ந்துவிட, எல்லோரும் உட்கார்ந்தபடியே நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.