பக்கத்து சீட்டின் பிரேக்

"கால் எரிச்சல் போயே போச்சு!" என்று டிரைவிங் ஸ்கூல் டீச்சர் ஒரு நாள் காலையில் வீட்டில் அறிவித்தாள். சர்க்கரை வந்த பிறகு அவளைப் பாடாய்ப் படுத்திய எரிச்சல் அது. படுத்தால் பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசியது போலிருக்கும். போர்வை உரசினாலே உயிர் போகும். இப்போது சுத்தமாக ஒன்றுமில்லை. மாத்திரையை நினைத்த நாளில் மட்டும் போட்டுக்கொண்டாள். டாக்டர் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கெட்டிக்காரிதான், ஆனால் கெட்டிக்காரர்கள் ஏமாந்தால் மொத்தமாகத்தான் ஏமாறுவார்கள்.

பழகுகிறவர் தப்புச் செய்தால் வண்டியை நிறுத்த, பக்கத்து சீட்டில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஒரு நாள் புதிதாகச் சேர்ந்த பெண் இறக்கத்தில் பதறிப்போய், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள். டீச்சர் தன் பிரேக்கை அழுத்தினாள். அது இறங்க மறுத்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்பில் வண்டி ஒரு குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. குனிந்து பார்த்தால், அவளுடைய செருப்பே பிரேக்குக்கு அடியில் சிக்கிக் கிடக்கிறது. அது காலிலிருந்து எப்போது கழன்றதென்று அவளுக்குத் தெரியவே இல்லை.

மறுநாளே டாக்டரிடம் ஓடினாள். அவர், தட்டினால் அதிர்கிற ஒரு இரும்புக் கவட்டையைத் தட்டி அவள் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதாம்மா?"

"தட்டிட்டு வைங்க டாக்டர். சும்மா வெச்சா எப்படி அதிரும்?"

டாக்டர் அதே கவட்டையை அவள் முழங்கையில் வைத்தார். ரீங்காரம் தோள்வரை ஏறியது.

"உங்களுக்கு வலி குணமாகலம்மா. வலியைச் சொல்ற நரம்பு கெட்டுப்போச்சு. சர்க்கரை ஏறியே கிடந்தா நரம்பு கொஞ்சம் கொஞ்சமா பட்டுப்போகும். காலுக்குப் போறதுதான் ரொம்ப நீளமான நரம்பு, அதான் அங்க ஆரம்பிக்குது. போனது திரும்பறது கஷ்டம். மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆனா இந்தக் காலை நம்பி இனிமே பிரேக் பிடிக்காதீங்க."

வெளியே வந்து அவள் அழவில்லை. கோபம்தான் பொங்கியது. திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது சத்தமே இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறாளே! இனி ஒரு நரம்பைக்கூடச் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். மாத்திரை வேளை தவறவில்லை. வண்டி எடுக்குமுன் டயரைப் பார்ப்பதைப் போல, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தாள். பட்டி வைத்த ஷூ வாங்கினாள்; உள்ளே கல்லோ ஆணியோ கிடக்கிறதா என்று உதறி, கைவிட்டுத் தடவின பிறகுதான் மாட்டினாள்.

கணவருக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. வேலைக்குப் போகிறேன் என்பதுதான் பிடிக்கவில்லை. "போதும்மா. வீட்ல நிம்மதியா இரு" என்றார்.

"நான் வீட்ல இருந்தா நிம்மதி யாருக்குங்க? உங்களுக்கா?"

அவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். மனைவி திட்டுவாளே என்று, ஓட்டத் தெரிந்தும் வருஷக்கணக்காக ஸ்டியரிங்கையே தொடாத மனுஷர்.

ஸ்கூல் முதலாளி சின்ன வயசுக்காரன். "அக்கா, ஆபீஸ்ல உக்காந்து ஃபோன் எடுங்களேன்" என்று குழைந்தான். அவள் நேராக மெக்கானிக்கிடம் போனாள். கால் வராதவர்களுக்குக் காரைக் கையால் ஓட்டும்படி மாற்றித் தருகிறவர் அவர். அவளுடைய பிரேக்கைக் கழற்றிவிட்டு, கையால் அழுத்துகிற நெம்புகோல் ஒன்றைப் பொருத்தினார். அரசாங்க அனுமதியும் வாங்கியாயிற்று. அப்போதும் முதலாளி இழுத்தான்.

"விஷயம் தெரிஞ்சா யாருக்கா உங்க பக்கத்துல உக்காருவாங்க? முதல்ல உங்க வீட்டுக்காரரே நம்பி உக்காரட்டும். அப்புறம் நான் ஆளை அனுப்பறேன்."

பயிற்சி மைதானத்தில் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். எதிரே மொட்டைச் சுவர். ஓரமாக முதலாளி.

"நேரா சுவரைப் பாத்து விடுங்க. பிரேக்கைத் தொடவே கூடாது. நிறுத்தறது என் வேலை."

வண்டி போனது. சுவர் வந்தது. அவள் நெம்புகோலை அழுத்தப்போன நொடியில், அதற்கு முன்னாடியே வண்டி குலுங்கி நின்றது.

"சூப்பர்க்கா! நாளைலேர்ந்து வாங்க!" முதலாளி கைதட்டினான்.

டீச்சர் கணவரைப் பார்த்தாள். "நீங்கதானே பிடிச்சீங்க?"

"இல்லியே. நீதான்..."

"பொய் சொல்லாதீங்க. நான் அழுத்தவே இல்ல."

அவர் தலை குனிந்தார். "விடேன். உனக்கு வேலை கிடைச்சாச்சுல்ல."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கால் ஏமாற்றியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், இந்தப் பரிதாபத்தைத் தாங்க முடியவில்லை. கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "தம்பி, நிறுத்தினது நான் இல்ல, இவரு! வேலையை இன்னும் குடுக்காத! மறுபடி பாரு!"

கணவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். இரண்டாவது கியரில் விட்டார், வண்டி தானாக உருள ஆரம்பித்தது. ஸ்டியரிங்கின் அடியில் இடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, இரண்டு காலையும் சீட்டின் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க!"

"கீழ இருந்தா என் கால் சும்மா இருக்காதும்மா" என்று சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

சுவர் வந்தது. அழுத்தினாள். எஞ்சின் ஒரு குலுக்கலோடு அடங்கிப்போனது. பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

"மோதிட்டோமா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

இத்தனை வருஷத்தில் அவளுக்கு இந்த மனுஷர்மேல் இவ்வளவு ஆசை வந்ததில்லை. ஆனால் முதலாளி ஓடி வந்துகொண்டிருந்தான். டீச்சர் என்றால் டீச்சராகத்தானே இருக்க வேண்டும்?

"காலைக் கீழ இறக்குங்க" என்று அதட்டினாள். "என் வண்டியில யாரும் இப்படி உக்காரக் கூடாது."