இரண்டாவது முடிச்சு

என் மனைவியின் கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி, அதாவது என் மச்சான், வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவள் அவளேதான். மாடிப்படியில் வழுக்கி விழுந்து, தோள் நரம்பு அறுந்து, வலது கை துணி மாதிரித் தொங்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"சும்மா தூசி பிடிச்சுக் கெடக்குது. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. கொண்டு போகட்டும்" என்றாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. நான் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். முப்பத்தெட்டு வயதுவரை என் கையெழுத்து கட்டைவிரல்தான். அவள் அச்சகத்துக்குப் புத்தகம் டைப் அடித்துக் கொடுப்பவள். அடித்த தாளை என்னிடம் நீட்டி, "சத்தமா வாசிங்க, நான் ஒத்துப் பாக்கணும்" என்பாள். முதலில் எழுத்தெழுத்தாக, பிறகு வரிவரியாக, அப்படித்தான் எனக்குப் படிப்பு வந்தது. தப்பாக வாசித்தால் திட்ட மாட்டாள். "அது அச்சுப்பிழையா, உங்க பிழையா?" என்பாள்.

இடது கையால் அடிக்கலாமே என்றேன். அவளுடைய தமிழ்க் கீபோர்டில் இடப்பக்கம் உயிரெழுத்து, வலப்பக்கம் மெய். எட்டி எட்டி அடித்து ஒரு தாள் முடிவதற்குள் முதுகு பிடித்துக்கொண்டது. "இந்தப் பக்கம் இருக்கற அ ஆ இ ஈ வெச்சு அழத்தான் முடியும்" என்று போய்ப் படுத்துவிட்டாள்.

மச்சானுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் அவன்தான்.

"லினக்ஸ்ல எதை வேணும்னாலும் மாத்தலாம் மாமா. கீபோர்டுல எந்தக் கட்டையோட எந்தக் கட்டை இடம் மாறணும்னு ஜோடி ஜோடியா ஒரு ஃபைல்ல எழுதுங்க. ஸ்கிரிப்ட்னு பேரு. ஃபைல் பேர அடிச்சு என்டர் தட்டி ஓட்டினா மாறிக்கும்."

ஒரு வரி மாதிரிக்கு அனுப்பினான். மற்றதை நானே எழுதினேன். எதை எங்கே வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கிடங்கில் தினம் போகிற சரக்கு வாசலருகே இருக்கும். வருஷத்துக்கு ஒருதரம் போவது பின்சுவரோரம். அவளுடைய பழைய தாள் நான்கை எடுத்து, மூட்டை எண்ணுவதுபோல் நாலு கோடு இழுத்து ஐந்தாவதைக் குறுக்கே வெட்டி எண்ணினேன். கவும் தவும் ஓயாமல் வந்துபோயின; அவற்றுக்கு இடது கையருகே இடம் கொடுத்தேன். ஔ நாலு தாளிலும் தலைகாட்டவில்லை. அதைப் பின்சுவருக்கு அனுப்பிவிட்டு, கட்டைகளின்மேல் பிளாஸ்டர் ஒட்டிப் புது எழுத்துகளைப் பேனாவால் எழுதினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஓட்டினேன். அடித்துப் பார்த்தால் எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். தப்பு இல்லை. ஞாயிறு காலையில் மறுபடி ஓட்டினேன். அதே கதை. மச்சான் கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, அதையே எதுக்கு ரெண்டு தடவ அடிக்கிறீங்க?"

"எதை?"

"தட்டித் தட்டி ஒரு சத்தம், அப்புறம் என்டர். திரும்பவும் அதே சத்தம், அதே என்டர். எனக்குக் கைதான் போச்சு, காது இருக்கு."

"உறுதியா இருக்கட்டும்னுதான். லோடு கட்டும்போது ஒத்த முடிச்சு போட்டா பாதி வழியில அவுந்துடும்ல?"

அவள் முதுகு குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அப்போதுதான்.

"இடம் மாறின கட்டையத் திரும்ப மாத்தினா பழைய இடத்துக்குத்தானே வரும்? உங்க ரெண்டாவது முடிச்சுதான் முதல் முடிச்ச அவுக்குது, மனுஷா!"

எழுந்து வந்தாள். "நகருங்க" என்று நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒருமுறை ஓட்டினாள். பிளாஸ்டரில் என் கோணல் எழுத்துகளைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு இடது கை மெதுவாக, ஒரே இடத்தில் நின்றபடி நடந்தது.

"வாசிங்க."

"முடிச்சு போட்டது போதும், ஒரு டீ போடுக" என்று வாசித்தேன். "போடுகவா? அது அச்சுப்பிழையா, உன் பிழையா?"

"பிழையில்ல, மரியாதை" என்றாள்.

டீ கொதிக்கும்போது மச்சான் காலி அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றான். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெட்டிய அங்க வெச்சிட்டு உக்காருடா. மாமா டீ போடறாரு. அப்படியே அச்சகத்துக்கு ஒரு போன் போட்டுக் குடு."