பேர்க்காரியின் மூடாத டேப்கள்

பேர்க்காரியின் கம்ப்யூட்டரில் தொலைந்துபோன பிரவுசர் டேப்கள் செவ்வாய்க்கிழமை காலை, பால் பாக்கெட் வந்த கையோடு, படியேறி வரத் தொடங்கின. முதலில் வந்தது ஒரு வாஷிங் மெஷின். அதை யாரும் தூக்கி வரவில்லை. அதுவே ஒவ்வொரு படியாக எக்கி எக்கி ஏறி, மூன்றாம் மாடிக் கதவுக்கு வெளியே நின்று இரைத்தது. கதவைத் திறந்த மாமியார் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலதான் ஒண்ணு இருக்கே, உன்னை யாரு வரச் சொன்னது?" என்று கேட்டார். மெஷின் எங்கே பேசும்.

பேர்க்காரி என்பது அந்தக் கட்டடத்தில் அவளுக்கு விழுந்த பட்டப்பெயர். தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் நிறங்களுக்குப் பெயர் வைப்பது அவள் வேலை. சாம்பல் நிறத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் வகை போடுகிற கம்பெனி அது. மனிதக் கண்ணுக்கு அவற்றில் நாலைந்துதான் தெரியும். மற்றவற்றைப் பெயரைச் சொல்லித்தான் விற்றாக வேண்டும். ஈரத்துண்டு, பூனையின் சந்தேகம், திங்கட்கிழமை எல்லாம் அவள் வைத்தவை. திங்கட்கிழமை நன்றாகவே விற்றது. இப்படிப் பெயர் தேடுவதற்காக அவள் உலகத்தில் உள்ளதையெல்லாம் பிரவுசரில் திறந்து பார்ப்பாள்: ஆக்டோபசின் மூன்று இதயங்கள், நுரையீரலில் சளி கட்டும் விதம், செல்லோ வாசிக்கும்போது முழங்காலை எங்கே வைப்பது. எதையும் மூட மாட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்ததைத் திறந்துவிடுவாள். திரையின் மேல்வரிசையில் டேப்கள் நெருக்கியடித்து, ஒவ்வொன்றும் முடியிழை அளவுக்கு மெலிந்து நின்றன. இந்த வேலையெல்லாம் சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில்தான் நடந்தது. அவளுக்கென்று இருந்த சின்ன அறையை நாலு வருஷத்துக்கு முன்னால் கொழுந்தனின் ட்ரெட்மில்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொழுந்தன் ஒரு வாரம் அதில் ஓடினான். அதற்குப் பிறகு அதில் துண்டுகள் காய்ந்தன.

அவள் கணவர் பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் கைவண்ணத்தில்தான். நல்ல மனிதர், ஆனால் திறந்து கிடக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டூத்பேஸ்ட் மூடி, ஊறுகாய் பாட்டில், அடுத்த வீட்டு கேட் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அவள் ஆபீஸில் கூட்டம் என்று போயிருந்த ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் பாவம் திணறுகிறதே என்று இரக்கப்பட்டு, எல்லா டேப்களையும் ஒரே மூச்சில் மூடி, பார்த்த தடங்களையும் துடைத்து, அணைத்து வைத்தார். அவள் சாயங்காலம் வந்து திறந்தபோது ஒரு தேடல் பெட்டி மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது.

"இதுல இருந்ததையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"மூடிட்டேன். இப்ப எப்படிப் பறக்குது பாரு."

"என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? சும்மா திறந்துதானே கிடந்துச்சு."

அன்றைக்குத் தட்டுகள் கொஞ்சம் சத்தமாக மேசைக்கு வந்தன.

தரைத்தளத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் இளைஞன் ஒருவன் இருந்தான். எல்லோரும் அவனை வைத்தியர் என்பார்கள். யார் என்ன சொல்லிக்கொண்டு வந்தாலும் "பேக்கப் இருக்கா?" என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி, இல்லை என்றால் உச்சுக் கொட்டுவான். அன்று இரவே அவன் மேலே வந்து உச்சுக் கொட்டிவிட்டு, பிரவுசரைத் திறக்காமல் கம்ப்யூட்டரின் உள் அறைகளுக்குள் நுழைந்தான். "கடைசியா என்னென்ன திறந்திருந்துச்சுன்னு அது தனியா ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிருக்கும்க்கா. ஆனா நீங்க மறுபடி மறுபடி திறந்து மூடினீங்கன்னா பழசு மேலேயே புதுசை எழுதிடும். நல்லவேளை, ஒரு தடவைதான் திறந்திருக்கீங்க." அந்த ஃபைலைக் கண்டுபிடித்து, முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, பெயரை மாற்றி, பழைய இடத்தில் திருப்பிப் போட்டு, மீட்டெடு என்ற பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னான். அவள் அழுத்தினாள். கம்ப்யூட்டர் பெருமூச்சு விட்டது. திரையில் ஒன்றும் வரவில்லை. "காலைல வரைக்கும் பாருங்க, சிலது மெதுவாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கிப் போனான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நுரையீரல் டாக்டர் வந்தார். அவருக்குப் பின்னால், ஒரு தொட்டி மாவோடு ஒரு ரொட்டிக்காரம்மா. மாவு உப்பிக்கொண்டே இருந்ததால் படிக்கட்டின் வளைவில் மாட்டிக்கொண்டு, நாலு பேர் சேர்ந்து தள்ளவேண்டியிருந்தது. கடையில் ஸ்டாக் இல்லை என்று போட்டிருந்த ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு தானே நடந்து வந்து பாய் ஓரமாக நின்றது. ஆக்டோபஸ் படியேறாமல் குழாய் வழியாக வந்து குளியலறை வாளியில் உட்கார்ந்தது. செல்லோ வாத்தியார் தன்னைவிடப் பெரிய வாத்தியத்தை முதுகில் சுமந்தபடி வந்து, இடமில்லாமல் சோபாவின் கைப்பிடியில் அமர்ந்தார். மாமியார் இரண்டு நாளில் எல்லோரோடும் பழகிவிட்டார். வாத்தியாருக்குச் சீட்டாடக் கற்றுக்கொடுத்தார். டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு, அதுவரை தமக்கு இருப்பதே தெரியாத இரண்டு வியாதிகளைக் குணப்படுத்திக்கொண்டார்.

தொலைந்த டேப்கள் ஆளாகவே வீடு தேடி வருகின்றன என்ற செய்தி செவ்வாய் மதியத்துக்குள்ளேயே கட்டடம் முழுக்கப் பரவியது. மறுநாள் பல வீடுகளில் ஆண்கள் உடம்பு சரியில்லை என்று வேலைக்குப் போகாமல் வாசலிலேயே நின்றார்கள். ஐந்தாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி தம் கம்ப்யூட்டரைத் தாமே சுமந்து வந்து கீழே தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல லிஃப்டில் ஏறிப் போனார். அதில் என்ன இருந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம் என்று அந்த வாரம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்கள் ஏன் போகாமல் இருக்கிறார்கள் என்பது பேர்க்காரிக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது. வாத்தியார் சொன்னார்: "நீங்க என்னைத் திறந்து வெச்சுட்டு மூடவே இல்லையேம்மா. நீங்க வருவீங்கன்னு அந்த நேரத்தை வேற யாருக்கும் கொடுக்காம வெச்சிருக்கேன்." ரொட்டிக்காரம்மாவின் மாவு அடுப்பைக் காணாமல் ஒன்றரை வருஷமாக உப்பிக்கொண்டிருந்தது. அந்தச் செருப்பை வேறொருத்தி எடுக்க வந்தபோது, ஆள் இருக்கு என்று கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பேர்க்காரிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சமையலறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். மூடு என்று வெறுமனே சொன்னால் அவர்கள் போகவில்லை. கடைசி வரைக்கும் பார்த்து, கேட்டு, முடித்தால்தான் போனார்கள். அதனால் நுரையீரலைப் பற்றி முழுதும் கேட்டாள். ரொட்டியைச் சுட்டுச் சாப்பிட்டாள். செருப்பைப் போட்டுப் பார்த்தாள், கடித்தது. வாஷிங் மெஷினிடம் வேறொன்றை வாங்கிவிட்ட உண்மையைச் சொன்னபோது, அது வெறும் வயிற்றோடு ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டு, ஏறியதைவிட லேசாகப் படியிறங்கிப் போனது. ஆக்டோபசை மட்டும் முடிக்க முடியவில்லை. மூன்று இதயம் உள்ளதை எப்படி அவ்வளவு சீக்கிரம் முடிப்பது. வீட்டார் வேறு வாளியில் குளித்தார்கள்.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தது பல்செட்காரர். வெளியே குடையோடும் ஒரு சாவியோடும் ஒருவர் நின்றார்.

"ரூம் விஷயமா வந்தேன். ஒருத்தர் தங்கற மாதிரி, கிழக்குப் பாத்த ஜன்னல். நாலு வருஷமாப் பூட்டி வெச்சிருக்கேன். உங்க வீட்டம்மா இன்னும் முடிவு சொல்லல."

"ஒருத்தரா?"

"விளம்பரத்துல ஒருத்தர்னுதான் போட்டிருந்தேன்" என்றார் அவர்.

மாமியார் போடவிருந்த சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார். பல்செட்காரர் அந்த மனிதரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, ஏற்கெனவே மூடியிருந்த குழாயை இன்னொரு முறை இறுக்கிவிட்டு, சமையலறைக்குப் போனார். பேர்க்காரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"நாலு வருஷமா?"

"ட்ரெட்மில் வந்த அன்னைக்குத் திறந்தது."

"பிடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் கையிலிருந்த தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "அப்புறம் ஏன் போகல?"

"தெரியல. அது திறந்திருந்தாப் போதும்னு இருந்துச்சு. அது திறந்திருந்ததாலதான் இங்க இருக்க முடிஞ்சுதோ என்னவோ."

"சரி, இப்ப மூடிடேன். பாவம், அவரு போகட்டும்."

"முழுசாப் பாக்காம மூட முடியாதுங்க. உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். அவள் கம்ப்யூட்டரைப் பையில் போட்டு, ஆக்டோபஸ் வாளியை எடுத்துக்கொண்டு, குடைக்காரரோடு கிளம்பினாள். மாமியார் வாசல்வரை வந்து, "தண்ணி ஒழுங்கா வருதான்னு கேட்டுக்கோ" என்று சொல்லி, கையில் நல்ல துண்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். வாத்தியாரும் செல்லோவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். அவருடைய பாடம் இன்னும் முடியவில்லை.

இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரில் பழைய ஆணி ஒன்று. ஜன்னலைத் திறந்ததும் வெளிச்சம் தரையில் விழுந்தது. சாம்பல் டைல்ஸ், அவள் கம்பெனியுடையதுதான், ஈரத்துண்டு. அவள் மேசையில் கையை நீட்டி வைத்து உட்கார்ந்தாள். சாப்பாடு வருகிறது, நகர்ந்துகொள் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஆனது. அவள் அறையை மூடவில்லை, திரும்பியும் வரவில்லை.

மறுநாள் பல்செட்காரரும் கொழுந்தனும் சேர்ந்து ட்ரெட்மில்லைக் கீழே இறக்கினார்கள். ஏற்றியபோது இருந்ததைவிட அதன் எடை கூடியிருந்தது. பல்செட்காரர் அந்த அறையைக் கழுவித் துடைத்து, மேசை போட்டு, ரூம் ரெடி என்று அவளுக்குச் செய்தி அனுப்பினார். ரொம்ப சந்தோஷம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பதில் வந்தது. அவர் போய்ப் பார்த்தார். அந்த அறைக்கு ஜன்னலே இல்லை என்பது, கட்டடம் கட்டிய நாளிலிருந்து அங்கே குடியிருந்தும், அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

புது அறையில் பேர்க்காரி நிறைய பெயர்கள் வைத்தாள். காலையில் செல்லோ பழகினாள். பக்கத்து அறைக்காரர்கள் முதல் மாதம் பொறுத்துக்கொண்டார்கள், இரண்டாம் மாதம் வீடு மாற்றிக்கொண்டு போனார்கள். திறந்ததை அன்றன்றே பார்த்து மூடவும் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் சீட்டுக்கட்டோடு வந்து போனார். மகனைப் பற்றி நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. ஒருநாள் பல் வெண்மையில் வந்த ஒரு டைல்ஸுக்குப் பெயர் தேடப்போன இடத்தில், கணவர் வேலை செய்யும் பல்செட் லேபின் இணையப் பக்கம் கண்ணில் பட்டது. அதில் அவருடைய படம் இருந்தது. ஏப்ரனோடு, பிளாஸ்டர் தாடை ஒன்றைக் கையில் ஏந்தி, அவருக்கே பல் இல்லாததுபோல வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள். வேலையெல்லாம் முடிந்து மற்றவற்றை மூடியபோது அதை மட்டும் மூடவில்லை.

ஒரு வாரம் கழித்து மதியம் மின்சாரம் போனது. வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டாள். மீட்டெடுக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டது. அவள் சற்று யோசித்துவிட்டு அழுத்தினாள். திரை வெள்ளையாகவே நின்றது. எழுந்து முகம் கழுவி, அடுப்பில் டீ வைத்தாள். இரண்டு பஸ் மாறி வருகிற நேரம் ஆனதும் கதவு தட்டப்பட்டது. பல்செட்காரர் ஏப்ரனோடு நின்றார். நகக்கண்ணில் மெழுகு, கையில் யாருடையதோ பாதி முடிந்த கீழ்ப்பல் வரிசை.

"வேலையா இருந்தேன். திடீர்னு காலு கிளம்பிடுச்சு. ஓனரு கூப்பிடக் கூப்பிட வந்துட்டேன்."

"தெரியும். நான்தான் திறந்து வெச்சிருந்தேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். வாளிக்குள்ளிருந்து ஆக்டோபஸ் அவரைப் பார்த்தது. "மூடப் போறியா?" என்று கேட்டார்.

"இன்னும் முழுசாப் பாக்கல. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். ஆறியதும் டீயைக் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதும், கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பினார். போகும்போது ஜன்னலை மூடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றாள், விட்டுவிட்டார். ஆண்டுகள் போயின. அவள் அந்த அறையிலேயே இருந்தாள், அவர் அந்த வீட்டிலேயே இருந்தார், அவர்கள் பிரிந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் இருக்கும் பகுதியில் மின்சாரம் போய் வந்தால், பல்செட்காரர் கையில் இருப்பதைக் கீழே வைக்காமல் பஸ் ஏறிவிடுவார். லேபில் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பல் வர ஒருநாள் தாமதமாகும், அதுவரைக்கும் கஞ்சி குடியுங்கள் என்று வாடிக்கையாளருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.