பாப்பா திருத்திய முகம்

காலிங்பெல் அடித்தது. பாப்பாவின் கையில் இருந்த தூரிகை நழுவி, செருப்பில் ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிட்டுத் தரையில் உருண்டது.

இரண்டு முறை அடித்தது, நடுவில் ஒரு சின்னத் தயக்கத்தோடு. மணியடித்ததற்கே மன்னிப்புக் கேட்பதுபோல் மணியடிக்கிறவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். அண்ணி.

சனிக்கிழமை வருகிறேன் என்று சொன்னவள் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கே வாசலில் நிற்கிறாள். அண்ணனின் படமோ ஸ்டாண்டில் ஈரம் காயாமல் நிற்கிறது. எண்ணெய் வண்ணம். தொட்டால் விரலோடு அண்ணனின் கன்னமும் சேர்ந்து வந்துவிடும்.

பாப்பா என்பது வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்ததற்குக் கிடைத்த பெயர். நாற்பத்தைந்து வயதாகி, முன்நெற்றியில் நரை இறங்கி, நல்ல ஓவியர் என்று நாலு பேர் சொல்லும்படி ஆன பிறகும் அது உதிரவில்லை. இந்த நிமிடம் நிஜமாகவே பாப்பாவாகிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கூடத்தில் செய்தித்தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் வீட்டுக்காரருக்கு அன்று வார விடுமுறை. அவர் கதவுக்குப் போவதற்குள் பாப்பா ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அண்ணிதான். டீ போட்டுக் குடுங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. இந்த ரூம் பக்கம் விட்டுடாதீங்க.”

“எவ்வளவு நேரம்?”

“காயற வரைக்கும்.”

“எப்பக் காயும்?”

“பத்து நாள் ஆகும்.”

“பத்து நாளைக்கு ஒரு டீயா?” என்றபடி அவர் கதவைத் திறக்கப் போனார்.

பாப்பா அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

அந்தப் படம் அவள் இருபத்திரண்டு வயதில், ஓவியக் கல்லூரியில் படித்தபோது வரைந்தது. படிக்க வைத்தது அண்ணன்தான். நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நேரே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் அவர் போய்ச் சேர்ந்தார். பெரிய வீட்டைக் காலி செய்தபோது அண்ணி பீரோ கேட்கவில்லை, கட்டில் கேட்கவில்லை, கார் சாவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஒரு படத்தை மட்டும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். போட்டோ ஆல்பங்களைக்கூட ஒரு பெட்டியில் போட்டுப் பாப்பாவிடம் தள்ளிவிட்டாள். இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று சொந்தக்காரர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

இப்போது ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியாக இருக்கிறாள். சாப்பாட்டு மேஜைக்கு எதிரே அந்தப் படம். பாப்பாவின் இருபத்தைந்து வருட ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள், புத்தகத்துக்குப் படம் பிடிக்க ஒரு வாரம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டபோது, அண்ணி படத்தைப் பொதிந்து கட்டின நூல் முடிச்சின்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அப்படியே திரும்பி வந்துவிடும் இல்லையா என்று மூன்று முறை கேட்டாள். பாப்பாவும் மூன்று முறை தலையாட்டினாள்.

தலையாட்டிவிட்டு வந்து செய்த வேலைதான் இது.

எல்லாம் வாயால் வந்த வினை. அண்ணனின் வாய். அந்த வயதில் அவளுக்கு உதடு போடத் தெரியாது. யாரை வரைந்தாலும் ஒரே சின்னஞ்சிறு இனிப்பு வாய். “உன் ஆளுங்க எல்லாரும் மிட்டாயை ஒதுக்கி வச்சுக்கிட்டே போஸ் குடுப்பாங்களா?” என்று வாத்தியார் வகுப்பு சிரிக்கக் கேட்டிருக்கிறார். அந்த வாய் புத்தகத்தில் முழுப்பக்கத்துக்கு வரப்போகிறது, தொழில்காரர்கள் எல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்றதும் பாப்பாவுக்குக் கை குறுகுறுத்தது. உதட்டு ஓரத்தில் ஒரே ஒரு தீற்றல், அவ்வளவுதான் என்று திங்கட்கிழமை ஆரம்பித்தாள்.

புது வண்ணம் பழைய துணியில் ஒட்டுப்போட்டதுபோல் துருத்திக்கொண்டு நின்றது. மேலே பூசியிருந்த வார்னிஷ் இத்தனை வருடத்தில் டீ நிறத்துக்குப் பழுத்துப்போயிருந்தது. அதைச் சுற்றிலும் கொஞ்சம் எடுத்துவிட்டால் நிறம் சேர்ந்துவிடும் என்று பஞ்சைக் கரைப்பானில் தோய்த்துத் துடைத்தாள். முதல் பஞ்சு மஞ்சளாக வந்தது. இரண்டாவது பழுப்பு. மூன்றாவது இளஞ்சிவப்பு.

அப்போதுதான் பொறி தட்டியது. கல்லூரி நாளில் படம் பளபளவென்று இருக்க வேண்டும் என்று வண்ணத்துக்குள்ளேயே வார்னிஷைக் கலந்து போடுவார்கள் இவளும் தோழிகளும். மேலே இருக்கும் வார்னிஷைக் கரைக்கிற திரவம் உள்ளே இருப்பதையும் சேர்த்துத்தானே கரைக்கும்? கை நின்றபோது வாய் இல்லை, தாடை இல்லை, ஒரு கண்ணின் இமையில் பாதி இல்லை. குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்ததுபோல் ஒரு சாம்பல் தேய்ப்புதான் இருந்தது.

பழைய வாயையே திரும்பப் போட்டுப் பார்த்தாள். நாலு தரம். வரவில்லை. இருபத்திரண்டு வயதுக் கையின் தெரியாத்தனத்தை நாற்பத்தைந்து வயதுக் கை நடித்துக் காட்ட முடியாமல் திணறியது. ஆல்பங்களை எடுத்துப் புரட்டினாள். எல்லாப் போட்டோவிலும் அண்ணன் பல்லைக் காட்டிச் சிரித்தார். உதவவில்லை.

கடைசியில் புதன்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து போட ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அண்ணன். ஏதாவது ஒன்று பிடிக்காவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். உதடு ஒட்டிக்கொள்ளும். இடது தாடையில் ஒரு முடிச்சு ஏறி இறங்கும். இமை லேசாகச் சரியும். அவ்வளவுதான், வீட்டில் ஒரு தட்டுக்கூடச் சத்தம் போடாது. அண்ணனுக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனால் மனசு தங்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாப்பாவும் சொல்வாள். அவள் படிப்பே அந்தத் தங்கத்தில்தானே ஓடியது.

முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு முகம் அவள் போட்டதில்லை. ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும்தான் உறைத்தது. இதுவல்லவே அவள் திருப்பித் தருவதாகச் சொன்ன படம்?

வித்தியாசம் தெரிகிறதா என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினால் தெரியவில்லை என்றார். அண்ணிக்கும் பார்வை அவ்வளவு தெளிவில்லையே என்று பாப்பா கொஞ்சம் ஆசைப்பட்டாள்.

“போன மாசம்தான் நானே பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுவிட்டேன். இப்ப எதிர்வீட்டு எறும்பு கொட்டாவி விட்டாக்கூட அக்காவுக்குத் தெரியும்.”

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அண்ணி இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

கதவு வழியாகப் பேச்சு கேட்டது. வீட்டுக்காரர் முழங்கால் வலியை விசாரித்தார், மழையை விசாரித்தார், கடைக்கு வந்திருக்கும் புது ஃபிரேம்களைப் பற்றி யாரும் கேட்காத விவரமெல்லாம் சொன்னார். அண்ணி எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டினாள். பிறகு தன் சங்கதிக்கு வந்தாள். சுவர் வெறிச்சென்று இருக்கிறதாம். எதிரே படம் இல்லாமல் நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். சனிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லையாம்.

பாப்பாவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் ஊசியாக இறங்கியது. படத்தைத் துணியால் மூடினால் ஒட்டிக்கொள்ளும். ஸ்டாண்டோடு சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். படம் போட்டோக்காரரிடம் இருக்கிறது, அடுத்த வாரம் நானே கொண்டுவருகிறேன். இந்தப் பொய்யை வாய்க்குள் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துச் சிரிப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

அண்ணி டீ கப்போடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா, படம் உள்ள காயுதாமே? எதுக்குக் காயணும்? தண்ணி பட்டுடுச்சா?”

பாப்பா வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளை விரித்து அதற்குப் பின்னால் காணாமல் போனார்.

ஓட்டிப் பார்த்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை. பாப்பா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உதட்டு ஓரம், பஞ்சு, வார்னிஷ், நாலு தரம் அழித்தது, ஒன்று விடாமல். முடிந்ததும் அண்ணி, காட்டு என்றாள்.

அறைக்குள் போய்ப் பாப்பா ஸ்டாண்டைத் திருப்பினாள்.

அண்ணி கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள். வந்த கால் அப்படியே நின்றது. கையில் இருந்த கப்பைப் பக்கத்து மேஜையில், துளிச் சத்தம் வராமல் வைத்தாள். பிறகு பின்பக்கமாகவே நகர்ந்து, கதவு நிலையைக் கையால் துழாவிப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணன் மாதிரி இல்லையா அண்ணி?”

“அவரேதான்.”

அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை பாடு? பாப்பாவுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஆனால் அண்ணி நாற்காலியை இழுத்து, படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். பழைய முகம் திரும்ப வருமா என்று கேட்டாள். வராது, அது கரைந்து பஞ்சோடு போய்விட்டது என்றாள் பாப்பா. சொல்லிவிட்டு, தன்னையும் அறியாமல் தன் வேலைக்காக வாதாடத் தொடங்கினாள். அது தெரியாத்தனமாகப் போட்ட முகம். அந்த வாய்க்கும் அண்ணனுக்கும் சம்பந்தமே இல்லை. அதை வைத்துக்கொண்டு அண்ணி என்ன செய்யப்போகிறாள்?

அண்ணி தலை நிமிரவில்லை.

“அவர் மாதிரி இல்லைன்னு தெரிஞ்சுதான் கேட்டு வாங்கினேன் பாப்பா. அந்தப் படத்துல இருந்தவர் ஒரு நாளும் என்மேல கை நீட்டினதில்லை.”