அளவுக்காரியும் ஒரு சொட்டும்

அளவுக்காரியின் வேலை போனதற்கு அவள் வாய்தான் காரணம் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அநியாயம். காரணம் அவள் கை. ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவில் பத்தொன்பது வருடம், இயந்திரத்துக்குள் போகும் தண்ணீரின் சுத்தத்தைத் தினமும் அளந்து நோட்டில் எழுதிய கை அது. ஒருநாள் அவசரத்தில், அளக்க நேரமில்லை, நேற்றைய எண்ணையே எழுதிவிடு என்றார் மேலதிகாரி. அந்தக் கை எழுதவில்லை. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டார்கள்! தண்ணீரில் கரைந்திருப்பதை எண்ணாகக் காட்டும் தன் சொந்த மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

வீடு என்றால் அண்ணன் வீடு. மாடியில் ஓர் அறை அவளுக்கு, பக்கத்திலேயே சும்மா கிடந்த இன்னொரு அறை. மெத்தைக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு அந்த இரண்டாவது அறையில் சரக்கு அடுக்க ஆசை. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் அகலத் தட்டு, தட்டு நிறையக் களிமண் உருண்டைகள், அதில் நாற்பது லெட்யூஸ் கீரைக் கன்றுகள். அடியில் மூடி போட்ட கறுப்புத் தொட்டி. வெளிச்சம் பட்டால் உரத்தண்ணீரில் பாசி பிடிக்கும் என்பதால் கறுப்பு. ஒரு நாளைக்கு நாலு முறை டைமர் தட்டும், மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். வேர் நனையும் உயரத்துக்கு மேல் போகாதபடி வழிகுழாய் தடுக்கும். கால் மணி கழித்து மோட்டார் நின்றதும் வந்த வழியே தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும், வேர்கள் மூச்சு விடும். மண் என்ற பேச்சே இல்லை.

அண்ணனுக்கு இது பைத்தியக்காரத்தனம். அந்த அறைக்கு நேர் கீழேதான் அவனுடைய புதுப் பொய்க்கூரை போட்ட ஹால். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான்.

"ஒரு சொட்டு கீழ விழுந்தாலும் அன்னிக்கே எல்லாத்தையும் அள்ளி வெளிய போட்டுடுவேன். மறுநாள் நீ ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்பு எழுதிக் குடுக்கணும். சம்மதமா?"

"என் தண்ணி விழுந்தா சம்மதம்" என்றாள்.

முதல் விளைச்சல் அவள் மூக்கை உடைத்தது. பழக்க தோஷம், நோயாளிக்குக் கொடுப்பதுபோல, ஒன்றுமே இல்லாமல் வடிகட்டிய சுத்தத் தண்ணீரில் உரப்பொடியைக் கரைத்து ஊற்றினாள். அந்தப் பொடியோ குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை நம்பிச் செய்தது. பத்தே நாளில் குருத்தெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டன. சுத்தக்காரி செடியைக் கொன்றுவிட்டாள் என்று அண்ணன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான். அவள் தொட்டியைக் காலி செய்து கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து, மறுபடி விதைத்தாள். அப்புறம் இலைகள் அவள் கைக்கு மேல் அகலமாய் வந்தன. அக்கம்பக்கத்தில் நாலு வீடு வாரம் தவறாமல் வாங்க ஆரம்பித்தது.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாடிப்படியில் தடதடவென்று சத்தம். அண்ணன் முன்னால், மெத்தை தூக்கும் இரண்டு ஆட்கள் பின்னால், கையில் கிண்ணத்தோடு அண்ணி கடைசியில். ஹாலில் விளக்குப் பக்கத்து ஓட்டை வழியாக சோபாமேல் சொட்டுகிறதாம். கிண்ணத்தில் பாதி நிறைந்திருந்தது.

அவள் பார்வை வழிகுழாய்க்குப் போனது. போன வாரம்தான் ஒரு வேர் வழிகுழாய்க்குள் புகுந்து அடைத்து, தண்ணீர் தட்டின் விளிம்புவரை வந்து நின்றது. வேரைப் பிடுங்கி, தரையைத் துடைத்து, ஒன்றும் சிந்தவில்லை என்று முடிவு செய்திருந்தாள். உண்மையிலேயே சிந்தவில்லையா? அவளுக்கே நிச்சயமில்லை.

ஆனாலும் அறை வாசலை விட்டு நகரவில்லை.

"அளந்துடறேன். ஆயிரத்துக்கு மேல காட்டினா என்னுது. நானே தூக்கி வெளிய வைக்கறேன், ஆள் வேண்டாம்."

அளக்க என்ன இருக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்றே என்று அண்ணன் குதித்தான். அண்ணி அவனைத் தாண்டி வந்து கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான் அண்ணி செய்தது. அது போதுமாக இருந்தது.

மீட்டரை முதலில் தொட்டியில் விட்டாள்: ஆயிரத்து நானூற்றைம்பது. கரைந்த உரம் காட்டும் எண் அது. அடுத்து குழாய்த் தண்ணீர்: முந்நூற்றுப் பத்து. மீட்டரைத் துடைத்துக் கிண்ணத்துக்குள் விட்டாள். எண் ஏறும் என்று நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். நாற்பதில் நின்றது. தூக்கி உதறி மறுபடி விட்டாள். நாற்பதுதான்.

"இது என் தண்ணி இல்ல. குழாய்த் தண்ணியும் இல்ல. இவ்வளவு சுத்தமான தண்ணியக் குடுத்துத்தான் முதல் தடவ செடியக் கருக்கினேன், நீ ஊரெல்லாம் சொன்னியே, அந்த மாதிரித் தண்ணி. காத்துல இருக்கற ஈரம் வடியறது. போன மாசம் ஹால்ல ஏசி மாட்டினியே, அதோட குழாயப் பாரு."

மெத்தை ஆட்களில் உயரமானவன் கீழே போய்ப் பொய்க்கூரைப் பலகை ஒன்றை நகர்த்திப் பார்த்தான். ஏசியின் வடிகுழாய் நடுவில் தொய்ந்து, இணைப்பில் சொட்டிக்கொண்டிருக்கிறது என்று அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

அப்படியும் அண்ணன் விடவில்லை. இன்றைக்கு ஏசி, நாளைக்கு உன் தொட்டி ஒழுகாது என்று என்ன நிச்சயம் என்று கேட்டான்.

"நிச்சயம்னு நான் சொல்லவே இல்ல. தினமும் பாக்கறேன், அளக்கறேன். ஒழுகினா நானே வந்து சொல்வேன். ஆனா மன்னிப்பு மட்டும் எழுத மாட்டேன், அண்ணா. அறை போனாலும் எழுத மாட்டேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, புரிஞ்சுக்கோ."

அண்ணன் குனிந்து தட்டின் அடியைத் தடவிப் பார்த்தான்.

"அப்புறம், சொட்டினதைத்தான வெளிய போடணும்? ஆள் வேற கூட்டிட்டு வந்திருக்கே. போய் உன் ஏசியக் கழட்டு."

மெத்தைக்காரர்களில் மாடியில் மிச்சம் நின்றவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது. அண்ணன் அவனை இழுத்துக்கொண்டு இறங்கிப் போனான். அண்ணி மட்டும் நின்று, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுவிட்டு, ஜன்னல் பக்கம் இன்னொரு தட்டு வைக்கலாமே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டைமர் தட்டியது. உருண்டைகளுக்கு இடையே தண்ணீர் ஏறிவரும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அளவுக்காரி குனிந்து, வழிகுழாயில் வேர் எதுவும் புகவில்லையே என்று பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, தேதி போட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். ஆயிரத்து நானூற்றைம்பது. முந்நூற்றுப் பத்து. நாற்பது. மூன்றும் அளந்து எழுதியவை.